டெக்சாஸில் கேட்காததை நியூஜெர்சி ஏன் கேட்கிறது?

கேள்வி: சென்ற ஆண்டு ஜூன் மாதம் டாலஸிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிவந்தோம். கணவர் எச்-1பி விசாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். நான் வேலைக்குப் போகவில்லை. எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். பழைய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு ஜூன் கடைசியோடு முடிந்துவிட்டது. புதிய நிறுவனத்தில் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து மாதம் 900 டாலர் சம்பளத்தில் பிடிப்போம் என்றார்கள். வீட்டு அட்வான்ஸ், கார் என்று செலவு கழுத்தை நெரித்த நேரம். ஜனவரியில் சேர்ந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, அதுவரை இணையத்தில் மலிவாகக் கிடைத்த விசிட்டர் இன்சூரன்ஸ் ஒன்றை நால்வருக்கும் எடுத்தோம். இந்த ஜனவரியில் நிறுவனக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டோம். ஆனால் ஜூலை முதல் டிசம்பர் வரை எங்களுக்குக் காப்பீடே இல்லை என்றும், அதற்காக மாநில அரசுக்கு அபராதம் கட்ட வேண்டும் என்றும் வரிக் கணக்கு எழுதுபவர் சொல்கிறார். டெக்சாஸில் ஐந்து வருடம் இருந்தோம், ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. அந்த அபராதத்தை டிரம்ப் எடுத்துவிட்டார் என்கிறார் கணவர். ஒஹாயோவில் இருக்கும் என் அண்ணனோ, "காப்பீட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எங்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டாதே, வழக்குப் போடு" என்கிறார். யார் சொல்வது சரி? நோய்நொடி இல்லாத குடும்பத்தைக் கட்டாயப்படுத்துவது நியாயமா? மே மாதம் மாமனாரும் மாமியாரும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?
— வாசகி, எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள சகோதரி,

உங்கள் வரிக் கணக்கர் சொல்வதுதான் சரி. உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. அண்ணன் சொல்வது ஒஹாயோவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். ஆனாலும் முழுத் தொகையையும் கட்டியே ஆக வேண்டும் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு விலக்குக்கான வழி தெரிகிறது. அந்தக் கணக்கைக் கீழே விளக்கியிருக்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அபராதத்தை நினைத்து எனக்குக் கவலை வரவில்லை. இரண்டு சிறு பிள்ளைகள் ஆறு மாதம் விசிட்டர் இன்சூரன்ஸை நம்பி இருந்தார்களே என்றுதான் பதறினேன்.

முதலில் டிரம்ப் எடுத்துவிட்டார் என்ற பேச்சு. ஒபாமாகேர் என்று நாம் சொல்லும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். காப்பீடு இல்லாதவர்கள் வரியோடு சேர்த்து ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் அந்த விதியை நீக்கவில்லை. கட்ட வேண்டிய தொகையை மட்டும் 2019 ஜனவரி முதல் பூஜ்யமாக்கியது. கூட்டாட்சிச் சட்டத்தில் கட்டாயம் இன்றும் ஏட்டில் இருக்கிறது, மீறினால் கட்ட வேண்டியதுதான் எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் சில மாநிலங்கள் சொந்தச் சட்டத்தோடு வந்தன. நியூஜெர்சியின் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி 2018 மே 30 அன்று கையெழுத்திட்ட சட்டம், கூட்டாட்சி அபராதம் மறைந்த அதே 2019 ஜனவரி முதல் தேதியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நியூஜெர்சிக்காரர்களுக்கு இடைவெளியே இருக்கவில்லை. தலைநகர் வாஷிங்டனும் அதே ஆண்டில் தொடங்கியது. கலிஃபோர்னியாவும் ரோட் ஐலண்டும் 2020-இல் சேர்ந்தன. வெர்மான்ட் கட்டாயம் என்று சட்டம் போட்டது, ஆனால் அபராதம் வைக்கவில்லை. மாசசூசெட்ஸ் இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி. அங்கே 2006-இலேயே சட்டம் வந்துவிட்டது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள்.

டெக்சாஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போன மாநிலம். தொகை பூஜ்யமான பிறகு ஒபாமாகேர் முழுவதுமே செல்லாது என்று வழக்குத் தொடுத்த மாநிலங்களுக்குத் தலைமை தாங்கியது டெக்சாஸ்தான். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த வழக்கைத் தள்ளியது. வழக்குப் போட்டவர்களுக்கு அதைத் தொடுக்கும் தகுதியே இல்லை என்பது தீர்ப்பு. காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே அதிகமாக இருப்பதும் டெக்சாஸில்தான். ஐந்து வருடம் உங்களை யாரும் கேட்காததற்குக் காரணம், கேட்பதற்கு அங்கே சட்டம் இல்லை.

இனி அண்ணன் சொன்னது. அவர் இல்லாததைச் சொல்லவில்லை. 2010-இல் வாஷிங்டனில் ஒபாமாகேர் விவாதம் சூடாக இருந்தபோதே, யாரையும் காப்பீட்டில் சேரக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போடத் தொடங்கின. முன்னால் நின்றவற்றில் ஒன்று வர்ஜீனியா. அதே ஆண்டு ஆகஸ்டில் மிசௌரி மக்கள் பத்தில் ஏழு பேருக்கு மேல் அப்படியொரு சட்டத்துக்கு வாக்களித்தார்கள். நவம்பரில் அரிசோனாவும் ஓக்லஹோமாவும் தங்கள் அரசியல் சட்டத்திலேயே அதைச் சேர்த்தன. கொலராடோவில் வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். ஒஹாயோவில் 2011 நவம்பரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு நிறைவேறியது. நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரையும் ஒரு மருத்துவ ஏற்பாட்டில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். கூட்டாட்சிச் சட்டத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் மோதல் வந்தால் கூட்டாட்சிச் சட்டமே நிற்கும் என்பதால், 2014 முதல் 2018 வரை ஒஹாயோக்காரர்களும் அபராதம் கட்டத்தான் செய்தார்கள். இன்று அந்தத் திருத்தத்துக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. நியூஜெர்சி செய்ததைப்போல ஒஹாயோ சட்டமன்றம் நாளையே செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது. முதலில் மக்களிடம் போய் அரசியல் சட்டத்தை மாற்ற வேண்டும். ஆனால் எடிசனில் குடியிருந்துகொண்டு ஒஹாயோ அரசியல் சட்டத்தைக் காட்ட உங்களால் முடியாது.

இப்படிப்பட்ட திருத்தங்கள் எங்கெங்கோ கொண்டுபோய் விடும் என்பதற்கு வயோமிங் சாட்சி. ஒபாமாகேரைத் தடுக்க நினைத்து 2012-இல் அவர்கள் அரசியல் சட்டத்தில் சேர்த்தது, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தன் மருத்துவ முடிவைத் தானே எடுக்கும் உரிமை உண்டு என்ற வரி. 2024 நவம்பரில் அங்கே ஒரு மாவட்ட நீதிபதி அதே வரியைக் கொண்டு அந்த மாநிலத்தின் கருக்கலைப்புத் தடைச் சட்டங்களைச் செல்லாது என்றார். திருத்தத்துக்கு வாக்களித்தவர்களில் எத்தனை பேர் இதை எதிர்பார்த்திருப்பார்கள்?

வழக்குப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த பெரிய வாதம், நாடாளுமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டா என்பதைப் பற்றியது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் முடியாது, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் முடியும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுத, ஐந்துக்கு நான்கில் சட்டம் பிழைத்தது. மாநிலங்களுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. தன் மக்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் இயற்றும் பொது அதிகாரம் மாநிலத்திடம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. மாசசூசெட்ஸ் கட்டாயம் இத்தனை ஆண்டுகளாக அசையாமல் நிற்பது அதனால்தான்.

நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம் என்றே நான் நம்புகிறேன். காரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம், நியூஜெர்சியின் பழைய கதையே போதும். 1992-இல் இந்த மாநிலம் ஒரு நல்ல சட்டம் போட்டது. நோயாளி என்பதற்காக ஒருவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது, வயதையோ நோயையோ பார்த்து விலையைக் கூட்டக் கூடாது என்றது. எல்லோரும் சேர வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அறுபது வயதுக்காரரும் இருபத்தைந்து வயதுக்காரரும் ஒரே பிரீமியம் என்றதும் இளையவர்கள் மெல்ல விலகினார்கள். இருந்தவர்களில் நோயாளிகளின் பங்கு கூடியது, அதனால் பிரீமியம் ஏறியது, ஏறியதும் இன்னும் சிலர் விலகினார்கள். 1990-களின் நடுவில் தனிநபர் காப்பீட்டில் இருந்தவர்களின் எண்ணிக்கை 2001-க்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. மேற்குக் கரையில் வாஷிங்டன் மாநிலம் இதைவிட மோசமாக அடிபட்டது. 1993-இல் கட்டாயத்தோடு சட்டம் போட்டுவிட்டு, 1995-இல் கட்டாயத்தை மட்டும் எடுத்தார்கள், யாரையும் மறுக்கக் கூடாது என்ற பகுதி இருந்தது. 1999-இல் அந்த மாநிலத்தின் பெரும்பாலான கவுன்டிகளில் புதிதாகத் தனிநபர் காப்பீடு வாங்கவே முடியாத நிலை வந்துவிட்டது.

உங்கள் மாமனார் ஊர்ப்பக்கம் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள் அல்லவா? இந்த வருடம் எங்கள் வீட்டில் ஒருவரும் கோயிலுக்கு வரவில்லை என்று யாரும் கட்டாமல் இருப்பதில்லை. முடியாத வீட்டை ஊரே விட்டுவிடும். நியூஜெர்சி சட்டமும் ஏறக்குறைய இந்த முறையில்தான் ஓடுகிறது. இங்கே வசூலாகும் தொகை, பெரிய மருத்துவச் செலவுகளில் ஒரு பங்கை ஏற்று எல்லோருடைய பிரீமியத்தையும் தாழ்த்தி வைக்கும் நிதிக்குப் போகிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். நாளை நெடுஞ்சாலையில் ஒரு விபத்து என்றால், காப்பீடு இருக்கிறதோ இல்லையோ, அவசரப் பிரிவு உங்களைப் பரிசோதித்து உயிராபத்திலிருந்து மீட்டே ஆக வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்தக் கதவு நம் ஒவ்வொருவருக்கும் திறந்தே இருக்கிறது. அதைத் திறந்து வைக்கும் செலவில் உடல்நலத்தோடு இருப்பவர்களும் பங்கு தருவதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டாட்சி அபராதத்தை எடுத்தால் பத்தாண்டுகளுக்குள் காப்பீட்டில் இருப்பவர்கள் 1.3 கோடி பேர் குறைவார்கள் என்று நாடாளுமன்றத்தின் வரவு செலவுக் கணக்கு அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. 2019-க்குப் பிறகு அப்படி எதுவும் இடிந்து விழவில்லை. பிரீமியத்துக்கு அரசு தரும் மானியமே பெரும்பாலோரைப் பிடித்து வைத்திருந்தது. கட்டாயம் மட்டும் போதாது, கட்டக்கூடிய விலையும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கட்டாயத்தால் பயனே இல்லை என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2015-க்கான அபராதம் கட்டிய சுமார் 45 லட்சம் குடும்பங்களுக்கு, காப்பீடு எப்படி வாங்குவது என்று விளக்கி, கூட்டாட்சி வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கடிதம் அனுப்பத் திட்டமிட்டது. பணம் போதாததால் குலுக்கல் முறையில் 39 லட்சம் குடும்பங்களுக்கு மட்டும் அனுப்பியது. பிறகு இரு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடிதம் போன வீடுகளில் காப்பீடு எடுத்தவர்கள் கூடினார்கள். 45 முதல் 64 வயதுக்குள் இருந்தவர்களில், கடிதம் பெற்ற ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஒரு மரணம் வீதம் குறைந்தது. காப்பீடு உயிரைக் காக்கிறது என்பதற்கு இத்தனை தெளிவான ஆய்வுகள் அதிகம் இல்லை. இதைப் படித்த பிறகு, காப்பீடு வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களிடம் என்னால் பட்டும் படாமலும் பேச முடிவதில்லை.

இனி உங்கள் கணக்கு. பழைய நிறுவனத்திலிருந்து உங்களுக்கு 1095 என்ற எண்ணுள்ள படிவம் வந்திருக்கும். எடுத்துப் பாருங்கள். அதன் கடைசிப் பகுதியில் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். ஒரு மாதத்தில் ஒரே ஒரு நாள் காப்பீடு இருந்திருந்தாலும் அந்த மாதக் கட்டத்தில் குறி விழுந்திருக்கும். உங்களுக்கு ஜூன் வரை குறி இருக்கும், ஜூலையிலிருந்து காலி. குறுகிய இடைவெளியை நியூஜெர்சி மன்னித்துவிடுகிறது. ஆறு மாதம் என்றால் முதல் சில மாதங்களுக்கு மட்டும் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது, ஆறும் கணக்கில் வரும்.

தொகையைப் பழைய கூட்டாட்சிச் சூத்திரத்தை ஒட்டியே கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்குப் பெரியவர் ஒருவருக்கு 695 டாலர், பிள்ளைக்கு அதில் பாதி. அல்லது ஒரு வரம்புக்கு மேற்பட்ட குடும்ப வருமானத்தில் 2.5 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. மாநிலத்தில் விலை குறைந்த 'வெண்கல' (bronze) வகைக் காப்பீட்டின் சராசரி பிரீமியத்தைத் தாண்டாது. காப்பீடு இல்லாத மாதங்களுக்கு மட்டுமே கணக்கு என்பதால், விலக்கு ஏதும் இல்லாவிட்டால் உங்கள் நால்வருக்கும் ஆயிரம் டாலரை ஒட்டியோ, வருமானத்தைப் பொறுத்து அதற்கு மேலோ வரும்.

இப்போது விலக்குக்கு வருகிறேன். கிடைத்த காப்பீடு வருமானத்துக்கு மீறிய விலையில் இருந்தால் அபராதம் இல்லை. அந்த வரம்பு குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய எட்டு சதவீதம். உங்களிடம் கேட்டது மாதம் 900, அதாவது ஆண்டுக்கு 10,800 டாலர். உங்கள் குடும்ப வருமானம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்குள் இருந்தால் அது எட்டு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இங்கே பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. வேலை செய்பவருக்கு, அவர் ஒருவருக்கு மட்டும் பிடிக்கும் தொகையை வைத்துப் பார்ப்பார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், குடும்பம் முழுவதற்கும் பிடிக்கும் தொகையை வைத்துப் பார்ப்பார்கள். ஆகவே கணவருக்கு விலக்குக் கிடைக்காமல், உங்களுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் மட்டும் கிடைக்க இடமுண்டு. கணவரை அவருடைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு ஜூலையில், ஒருவருக்கு மட்டும் எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவு என்று இரண்டு தொகையும் அதில் இருக்க வேண்டும். விலக்குக்கான விண்ணப்பம் மாநில வரித் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. வருமானம் அதற்கு மேல் என்றால், இந்த ஆறு மாதத்தில் நெருங்கிய உறவினர் மரணம், கட்ட முடியாத மருத்துவக் கடன் போன்ற நெருக்கடி எதுவும் இருந்ததா என்று யோசியுங்கள். அவற்றுக்கும் விலக்கு உண்டு.

எதுவும் பொருந்தாவிட்டால் கட்டிவிடுங்கள். ஆண்டு முழுவதும் காப்பீடு இருந்தது என்று குறியிட்டுத் தப்பலாம் என்று யாரும் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நிறுவனங்களும் காப்பீட்டாளர்களும் யாருக்கு எந்த மாதம் காப்பீடு இருந்தது என்று மாநிலத்துக்கே நேரடியாக அனுப்புகிறார்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பத்தின் வரிக் கணக்கில் பொய் இருக்கவே கூடாது.

விசிட்டர் இன்சூரன்ஸ் ஏன் கணக்கில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாலிசியை எடுத்து, உச்சவரம்பு என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் 50,000 அல்லது ஒரு லட்சம் டாலர் இருக்கும். பெரிய அறுவை சிகிச்சை ஒன்றும் சில நாள் தீவிர சிகிச்சையும் வந்தால் அது எந்த மூலைக்கு? ஏற்கெனவே இருக்கும் நோய்க்குத் தராது, தடுப்பூசிக்கும் தராது. நியூஜெர்சியில் மூன்று வயதுப் பிள்ளை உரிமம் பெற்ற பாலர் பள்ளிக்குப் போனால் ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி போட்டாக வேண்டும். முறையான காப்பீட்டில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. உங்கள் சின்னவனுக்கோ சின்னவளுக்கோ சென்ற ஆண்டு அது விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதத்தில் தள்ளிப்போன மற்ற ஊசிகளையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை வேலை மாறும்போது கோப்ரா (COBRA) என்ற கூட்டாட்சிச் சட்டத்தை நினைவில் வையுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், பழைய காப்பீட்டையே சொந்தச் செலவில் தொடரலாம். சேருவதா வேண்டாமா என்று முடிவெடுக்க 60 நாள் தருகிறார்கள். 59-ஆம் நாள் கையெழுத்திட்டாலும், விட்டுப்போன மாதங்களின் பிரீமியத்தைக் கட்டினால் காப்பீடு முடிந்த நாளிலிருந்தே பின்தேதியிட்டு அமலாகும். முழு பிரீமியமும் அதற்கு மேல் இரண்டு சதவீதமும் கட்ட வேண்டும் என்பதால் விலை கடுமைதான். ஆனாலும் இரண்டு மாத இடைவெளிக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. வருமானம் குறையும் காலம் வந்தால் பிள்ளைகளுக்கு நியூஜெர்சி ஃபேமிலிகேர் இருக்கிறது. வறுமைக்கோட்டு வருமானத்தில் 355 சதவீதம் வரை வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பத்தொன்பது வயதுக்குள் இருந்தால் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை, ஆண்டில் எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம்.

மாமனாருக்கும் மாமியாருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் பார்வையாளர் விசாவில் வந்து போகிறவர்கள், நியூஜெர்சிவாசிகள் அல்லர். அபராதம் கிடையாது. அவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ்தான் வழி. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை டாலர், ஓர் ஊசிக்கு இத்தனை டாலர் என்று பட்டியல் போட்டுத் தரும் மலிவு வகையை வாங்காதீர்கள். பில் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கைச் சதவீதக் கணக்கில் ஏற்கும் விரிவான வகையை, அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்குங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ஏற்கெனவே இருக்கும் நோய் திடீரென்று முற்றினால் எவ்வளவு தருவார்கள், அது எந்த வயது வரை என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பல பாலிசிகளில் அந்தப் பகுதி சுருங்கிவிடும் அல்லது இருக்காது. தங்கும் நாட்களுக்குப் போதுமான மாத்திரைகளையும் அங்குள்ள மருத்துவரின் சீட்டையும் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வரிக் கணக்கில், மாதக்கணக்கில் நம்மோடு இருந்தார்களே என்று அவர்கள் பெயரை உங்களைச் சார்ந்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். கூட்டாட்சி வரிச் சட்டம் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை.